1900 ஜனவரி 1

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கம்ப்யூட்டர் உறைந்துபோனது. வாரம் பிறந்து இரண்டு நாள்தான் ஆகிறது, இது மூன்றாவது தடவை. சிலிண்டர்களை எல்லாம் ஏற்றி முடித்துவிட்டு வண்டிக்கார அண்ணன் பட்டியலுக்காக வாசலில் நிற்கிறார். நான் திரையில் சுற்றும் வளையத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தைந்து நிமிடம். வண்டி ரெடி, சரக்கு ரெடி, யார் வீட்டுக்குப் போவது என்று மட்டும் தெரியாது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நானாகவே தட்டுத்தடுமாறிக் கட்டிய டேட்டாபேஸ். வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்து மூச்சுவிடுகிறவர்கள் அப்போது நாற்பது பேர்தான் எங்களிடம் சிலிண்டர் வாங்கினார்கள். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு. நின்றுபோனவர்களையும் சேர்த்தால் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிளை வேறு திறந்தாயிற்று. இரண்டு இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் திறந்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். முதலாளிதான்; ஆனால் இருபது வருடம் நர்ஸாக இருந்தவர் என்பதால் எல்லோருக்கும் அக்கா. பெரிய சர்வருக்கு மாற்றிவிடலாம், ஆள் பார்த்தாயிற்று என்றார். தலையாட்டினேன். நல்ல செய்திதானே? ஏன் சந்தோஷம் வரவில்லை?

மார்ச் 6, வெள்ளி

சர்வர்காரர் வந்தார். என் வயதுதான் இருக்கும். டேட்டாபேஸைத் திறந்து மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே போனார். ‘குறிப்பு’, ‘குறிப்பு 2’, ‘குறிப்பு புதுசு’, ‘குறிப்பு கடைசி’ என்று வரிசையாகக் கட்டங்கள். அதற்கும் அப்புறம் ‘இதுதான் கடைசி’. அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். முகம் சுட்டது.

தேதிகளைத் தேதியாக வைக்காமல் வெறும் எழுத்தாக வைத்திருக்கிறேனாம். “பரவால்ல மேடம், மாத்தும்போது அதுவே தேதியாயிடும்” என்றார். குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிற குரல். பதினோரு வருடம் இதில் ஒரு வீடுகூட விட்டுப்போனதில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் தயார். ‘எங்கள் கணினி அமைப்பு மாற்றப்படுவதால் இம்மாதம் சிலிண்டர் வந்துசேர ஓரிரு நாள் தாமதமாகலாம். அன்புகூர்ந்து பொறுத்துக்கொள்ளவும்.’

தாமதம் என்று ஏன் நாமே சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அக்கா கேட்டார். முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆளாளுக்குப் போன் போட்டுத் திட்டமாட்டார்கள் என்றேன். சரி என்றார். என் வீட்டுக்காரர் தன் அச்சகத்திலேயே அடித்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எனக்காக உறையும் ஒட்டிக்கொடுத்தார். ‘கூர்ந்து’வுக்கு அப்புறம் ஒற்று மிகுமா மிகாதா என்று அரைமணி நேரம் வாதம். இருபது வருடக் கல்யாணத்தில் நாங்கள் இதற்குத்தான் சண்டை போடுகிறோம்.

மார்ச் 13, வெள்ளி

மாற்றுவதற்கு முன்னால் பெயர்களைச் சுத்தம் செய்கிறேன். இரண்டு பெயரில் ஒரே ஆள், பதினேழு. எடுத்துவிட்டேன். இன்னும் இருக்கும். கண் எரிகிறது.

மார்ச் 15, ஞாயிறு

மாற்றியாயிற்று.

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மூன்றரைக்கு முடிந்தது. நடுவில் இரண்டு தடவை நின்றது. போன் நம்பர் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘மருமகளைக் கேட்கவும்’ என்று நான் எழுதிவைத்திருந்தேன். சர்வர் அதை விழுங்க மறுத்துவிட்டது. திருத்தினோம். கடைசியில் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தோம். பழையதில் 1340, புதியதில் 1340. ஒன்று குறையவில்லை, ஒன்று கூடவில்லை. சர்வர்காரர் எழுந்து கை கொடுத்தார். இந்த முறை மரியாதையான கை.

பழையதை இனி யாரும் தொடக்கூடாது என்று பூட்டினார். கொஞ்சம் அழுகை வந்தது. டேட்டாபேஸுக்கு அழுகிற ஒரே பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 17, செவ்வாய்

பட்டியல் நான்கு விநாடியில் வந்துவிட்டது! தாளை நீட்டியபோது வண்டிக்கார அண்ணனாலேயே நம்ப முடியவில்லை. விரல் வைத்து வைத்துப் படித்தார். பிறகு, வாத்தியார் வீடு இல்லையே என்றார். லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி, தனியாக இருக்கும் பூகோள வாத்தியார். ஓய்வுபெற்று எத்தனையோ வருடம் ஆயிற்று.

போன வருடம் போல மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்றேன். சொல்லாமல் போகமாட்டாரே என்று நகராமல் நின்றார். எனக்குக் கொஞ்சம் சுர்ரென்று ஏறிவிட்டது. “பட்டியல்ல இல்லைன்னா இல்லைண்ணே. இன்னும் மனப்பாடத்துலயே ஓட்டுறதுன்னா இவ்வளவு பாடுபட்டு எதுக்கு மாத்தினோம்?”

தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ? தப்பாக எடுத்துக்கொள்கிறவர் இல்லை.

மார்ச் 18, புதன்

ஒரு தடவைகூட உறையவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வாத்தியார் பக்கத்து வீட்டம்மா போன் பண்ணாங்க. பதினொண்ணரைக்கு. கதவு திறந்தே இருந்துச்சாம், நாற்காலியில சாஞ்சு கிடந்தாராம், உதடெல்லாம் நீலமாம். ஆம்புலன்ஸ் வந்து கூட்டிட்டுப் போயிடுச்சு. சிலிண்டர் ரெண்டும் காலி.

ரெண்டும் காலி.

மகள் வீட்டுக்குப் போகவில்லை. எங்கேயும் போகவில்லை. வீட்டிலேயேதான் இருந்திருக்கிறார்.

திரையில் அவர் பெயரைத் தட்டினேன். இருக்கிறார். முகவரி இருக்கிறது, அளவு இருக்கிறது, வாரம் இரண்டு என்று இருக்கிறது. பட்டியலில் மட்டும் ஏன் வரவில்லை? சர்வர்காரருக்குப் போன் போட்டேன்.

மார்ச் 21, சனி

கண்டுபிடித்துவிட்டோம். எழுதிவைக்கிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

‘நிறுத்திய தேதி’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒருவர் சிலிண்டர் வேண்டாம் என்று நிறுத்தினால் அதில் தேதி போடுவேன். திரும்ப வந்தால் அந்தத் தேதியை எடுத்துவிடுவேன். எப்படி எடுப்பேன்? தேதியைத் தேர்ந்தெடுத்து, இடைவெளி விசையை, அந்த நீள ஸ்பேஸ் பாரை, ஒரு தட்டு. கண்ணுக்கு வெற்றுக் கட்டம். பழைய டேட்டாபேஸும் அதை வெற்றாகவே எடுத்துக்கொண்டது. ஆனால் அது வெற்று இல்லை. உள்ளே ஓர் இடைவெளி உட்கார்ந்திருக்கிறது. தேதியாக மாற்றும்போது அந்த இடைவெளிக்கும் ஏதாவது ஒரு தேதி வேண்டும் என்று சர்வர் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது. 1900 ஜனவரி 1.

வாத்தியார் போன வருடம் இரண்டு மாதம் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர். புது சர்வரைப் பொறுத்தவரை அவர் 1900-லேயே எங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

இப்படி ஒன்பது பேர். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. 1340-க்கு 1340. எண்ணிப் பார்த்தோமே தவிர, ஒருவர்கூட இந்தப் பெயர்களைப் பார்க்கவில்லை.

மற்ற எட்டுப் பேருக்கும் ஒரே மூச்சில் போன் போட்டோம். இருவருக்கு அடுத்த வாரம்தான் முறை. நான்கு பேரிடம் உபரி இருந்தது. மீதி இரண்டு பேருக்கு உடனே அனுப்பினோம்; அவர்கள் புதன்கிழமையே கிளைக்குப் போன் செய்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் பெண் கடிதத்தைச் சொல்லி, ஒரு நாள் இரண்டு நாள் தாமதமாகும், பொறுங்கள் என்று வைத்துவிட்டாளாம். அவள்மேல் என்ன தப்பு? என் கடிதம்.

சர்வர்காரர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “வெற்றுக்கு 1900 போடும்னு எனக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சும் பார்க்கலை.” அவரைத் திட்ட வேண்டும்போல இருந்தது. விசையைத் தட்டியது யார் விரல்?

மார்ச் 22, ஞாயிறு

மருத்துவமனைக்குப் போனேன். குழாய்களுக்கு நடுவே அவர் மிகவும் சின்னதாக இருந்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் மகள். நாற்பதை நெருங்குகிறவள். பேருந்தில் ஏழு மணி நேரம் வந்த முகம்.

ஆபீஸிலிருந்து என்றேன். உட்காரச் சொன்னாள். கத்துவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். மெதுவாகப் பேசினாள். வியாழக்கிழமை போனில் மூச்சு வாங்கியதாம், சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்டாளாம். “லெட்டர் போட்டிருக்காங்கம்மா, ரெண்டு நாள் பொறுத்துக்கச் சொல்லி. நான் அதுவரைக்கும் வர்ற மாதிரி குறைச்சு வச்சிருக்கேன்னார்.”

வால்வைக் குறைத்து வைத்திருக்கிறார். இரண்டு நாளைக்கு வரும்படி கணக்காக. பூகோள வாத்தியார் இல்லையா, அளந்துதான் செய்திருப்பார்.

“ஒருத்தர் கூடவா கவனிக்கலை?” என்று கேட்டாள்.

கம்ப்யூட்டர் தப்பு என்றேன். வாய் அதைத்தான் சொன்னது.

மார்ச் 24, செவ்வாய்

அக்கா எங்கள் எல்லோரையும் தன் அறையில் உட்காரவைத்தார். சர்வர்காரர் தன் பங்கைச் சொன்னார். நான் இடைவெளி விசையைச் சொன்னேன். அப்புறம் அக்கா வண்டிக்கார அண்ணனைப் பார்த்தார். வாராவாரம் அந்த மாடி ஏறுகிறவர் நீங்கள், ஒரு வீடு விட்டுப்போனது உங்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்தார். “எனக்கும் தோணலைக்கா.”

எனக்காகப் பொய் சொல்கிறார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

மார்ச் 25, புதன்

சொல்லவில்லை. இன்றும்.

மார்ச் 29, ஞாயிறு

வாத்தியார் போய்விட்டார். இன்று காலை ஆறே முக்காலுக்கு.

மார்ச் 31, செவ்வாய்

நுரையீரல் ஏற்கெனவே முக்கால்வாசி போயிருந்தது, இன்னும் ஆறு மாதமோ ஒரு வருடமோ என்று டாக்டர் சொன்னதாக அக்கா சொன்னார். சிலிண்டர் இல்லாததால்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆறு மாதம் என்பது சின்ன விஷயமா? ஒரு நாள் என்பது சின்ன விஷயமா?

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கேட்டது, நான் சொன்னது, அவர் மறைத்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பிறகு, இப்போது போய்ச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது, அந்தப் பெண்ணுக்கு வலிதான் கூடும் என்றார். அப்படியே விட்டுவிடவா என்று கேட்டேன். “நான் அப்படிச் சொல்லலை. உனக்கு லேசாகணும்னு போய்ச் சொல்லாதே. அவ்வளவுதான்.”

இதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

எதற்காகச் சொல்ல நினைக்கிறேன்? தெரியல. சத்தியமா தெரியல. சோறு இறங்கலை. திரையில எந்தப் பேரைப் பார்த்தாலும் இவங்க இருக்காங்களா இருக்காங்களான்னு மனசு அடிச்சுக்குது. ஒரு ஆளைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசிக்க முடியாத அளவுக்கு எனக்கு அப்படி என்ன திமிர்? நான்கு விநாடியில வந்த தாளு. அதுல அவ்வளவு பெருமை.

ஏப்ரல் 4, சனி

போனேன். மூன்று மாடி. நான் அந்தப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. பதினோரு வருடமாக எனக்கு அது வெறும் முகவரி.

மகள் வீட்டைக் காலிசெய்துகொண்டிருந்தாள். சுருட்டிய வரைபடங்கள் சுவரோரம் நின்றன. காலி சிலிண்டர் இரண்டும் ஜன்னல் பக்கம். நின்றபடியே சொன்னேன். அன்று காலை வண்டிக்காரர் உங்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டார், நான்தான் பட்டியலில் இல்லை என்று அனுப்பிவிட்டேன், மருத்துவமனையில் உங்களிடம் நான் சொன்னது முழு உண்மை இல்லை.

கையில் இருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

எட்டே கால் என்றேன்.

“செவ்வாய்க்கிழமைன்னா எட்டு மணிக்கே கதவைத் திறந்து வச்சிட்டு உட்கார்ந்துடுவார். வண்டிக்காரர் தட்டிட்டு நிக்கக்கூடாதுன்னு.”

அவ்வளவுதான். நான் நின்றுகொண்டே இருந்தேன். அடுத்த புத்தகத்தை எடுத்தாள், தூசி தட்டினாள், வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது நான் இன்னும் அங்கேயே இருப்பது அவளுக்கு அலுப்பாக இருந்தது.

“சிலிண்டரை எடுக்க வேற யாராவது வரட்டும். நீங்க வராதீங்க.”

லேசாகவில்லை. ஒரு இம்மிகூட லேசாகவில்லை. வீட்டில் இவர் சொன்னது சரி. ஆனாலும் சொன்னது தப்பு என்றும் தோன்றவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

அக்காவிடமும் சொன்னேன். ராஜினாமாக் கடிதத்தையும் மேஜைமேல் வைத்தேன். படித்தார், நிதானமாக, இரண்டு தடவை.

“உன்னை அனுப்பிட்டா எனக்கு நிம்மதி. உனக்கும் நிம்மதி. அதனால அனுப்பமாட்டேன்” என்றார். சர்வரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் போடுகிறாராம். தனியாக இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு வரச் சொன்னார். முப்பத்தெட்டு. நாளையிலிருந்து தினமும் காலையில் அத்தனை பேருக்கும் நான் போன் செய்ய வேண்டும். இருக்கிறார்களா, சிலிண்டர் இருக்கிறதா. கடிதத்தைக் கிழிக்கவில்லை. இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

அக்கா வண்டிக்கார அண்ணனைக் கூப்பிட்டு ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறார். வெளியே வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்தார். “உங்களைப் போய்ச் சொல்லச் சொல்லி யாரும்மா கேட்டா? உங்களுக்காக மறைச்சேன்னு நினைச்சீங்களா?”

அப்புறம் ஏன் என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்

மகள் புகார் கொடுத்திருக்கிறாள். கொடுக்க வேண்டியதுதான். அதிகாரி ஒருவர் வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டார். என் வாக்குமூலம் நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

அண்ணன் பேசுவதில்லை. பட்டியலைப் புது ஆளிடம் வாங்கிக்கொள்கிறார். என் மேஜையைத் தாண்டும்போது நடை வேகமாகிறது.

ஏப்ரல் 28, செவ்வாய்

முப்பத்தெட்டுப் பேரும் எடுத்தார்கள். அவ்வளவுதான் இன்றைக்கு.

மே 12, செவ்வாய்

முப்பத்தேழு பேர் எடுத்தார்கள்.

தையல்காரம்மா எடுக்கவில்லை. முதல் மணிக்கே எடுத்து, ‘இருக்கேன், இருக்கேன், வை’ என்று வைத்துவிடுகிறவர். ஐந்து நிமிடம் விட்டு மறுபடியும். எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் மணி அடித்து அடித்து நின்றது. வாசலுக்கு ஓடினேன். அண்ணன் கடைசி சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா போன் எடுக்கவில்லை என்றேன். என்னைப் பார்த்தார். வண்டியின் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

சிவப்பு விளக்கில் நின்றபோது இரண்டு பேரும் அதையே முறைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது மாடி. கதவு பூட்டியிருந்தது. தட்டினோம். இரண்டு கையாலும் தட்டினேன். அண்ணன் தோளை வைத்து இடிக்கப்போன நேரம், மேலே மொட்டைமாடியிலிருந்து தையல்காரம்மா இறங்கி வருகிறார். மூக்கில் குழாய், தோளில் சின்ன சிலிண்டர், இடுப்பில் துணி வாளி. கதவு உடைந்தால் யார் சரிபண்ணித் தருவது என்று கேட்டார். போனை உள்ளேயே வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போயிருக்கிறார். “செத்தா நானே போன் பண்ணிச் சொல்றேன், போதுமா?”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாத்தியார் போன நாளிலிருந்து வராத அழுகை. சத்தமாக, அசிங்கமாக, மூக்கெல்லாம் ஒழுக. அண்ணன் இரண்டு படி மேலே உட்கார்ந்தார். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்போல.

“அன்னைக்கு வண்டி வாத்தியார் தெருவுலதான் நின்னுச்சும்மா” என்றார் பிறகு. “எதிர் வீட்டுல இறக்கினேன். நிமிர்ந்து பார்த்தா அவர் ஜன்னல் தெரியும். ஒரு எட்டு ஏறிப் பார்த்துட்டு வந்திருக்கலாம். மூணு மாடியான்னு இருந்துச்சு.”

திரும்பிப் பார்த்தேன். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சொன்னதால ஏறலைன்னு நினைச்சுக்கலாம்னு பார்த்தேன். முடியலை.”

கீழே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேயும்வரை உட்கார்ந்திருந்தோம்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதலில் எழுந்தவர் அவர்தான். இன்னும் பதினோரு வீடு இருக்கிறது, ஆபீஸில் இறக்கிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அடுத்த வீடு நான்காவது மாடி. சேர்ந்தே ஏறினோம்.